எவரெஸ்ட், அன்னபூர்ணா, லாங்டாங்: முதல் உயர்மலை நடைக்கு எந்தப் பாதை?

நேபாளத்துக்கு மலைநடை போவதென்று முடிவு செய்வது எளிது. எந்தப் பாதையில் போவது என்ற கேள்வியில்தான் பலரும் மாதக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். எவரெஸ்ட் பேஸ் கேம்ப் என்று ஒரு நண்பர் சொல்வார். அன்னபூர்ணா பேஸ் கேம்ப் போதும் என்று இன்னொருவர் சொல்வார். லாங்டாங் என்ற பெயரை மூன்றாமவர் சொல்லும்போது அது எங்கே இருக்கிறது என்று வரைபடத்தைத் தேட வேண்டியிருக்கும். மூன்றையும் ஒப்பிட்டு எழுதுமாறு தொடர்ந்து கேட்கப்படுவதால், சமவெளியில் வாழ்ந்து, இதுவரை மூவாயிரம் மீட்டருக்கு மேல் ஓர் இரவுகூடத் தங்கியிராத ஒருவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

அப்படிப்பட்டவர் என்று குறிப்பிடுவதற்குக் காரணம் இருக்கிறது. தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரமான ஆனைமுடி 2,695 மீட்டர். தமிழ்நாட்டின் உச்சியான தொட்டபெட்டா 2,637 மீட்டர். இலங்கையின் பிதுருதலாகலை 2,524 மீட்டர். எவரெஸ்ட் பாதையின் நடை தொடங்கும் லுக்லா விமான நிலையமோ ஏறத்தாழ 2,860 மீட்டரில் இருக்கிறது. அதாவது, நம் ஊர்களில் எங்கே ஏறிப் பயிற்சி செய்தாலும், அந்தப் பயணத்தின் முதல் காலடி வைக்கும் உயரத்தைக்கூட நம்மால் முன்கூட்டி அனுபவித்துப் பார்க்க முடியாது. காலுக்கும் நுரையீரலுக்கும் வலுச் சேர்க்கலாம். உயரத்துக்கு உடலைப் பழக்குவது அங்கே போன பிறகுதான் நடக்கும். அதற்குத் தேவைப்படும் நாட்கள் உங்கள் விடுமுறையில் இருக்கின்றனவா என்பதுதான் இந்தத் தேர்வின் மையம். சிகரத்தின் பெயரும் ஒளிப்படத்தின் அழகும் அதற்குப் பிறகு வர வேண்டியவை.

## எதைக் கொண்டு அளப்பது

முதல் அளவுகோல், தூங்கும் உயரம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பது. பகலில் எவ்வளவு உயரம் தொட்டீர்கள் என்பதைக் காட்டிலும், இரவில் எங்கே படுத்தீர்கள் என்பதுதான், உயரத்தில் பிராணவாயு குறைவதால் வரும் உயரநோயைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. மூவாயிரம் மீட்டரைக் கடந்தபின் ஓர் இரவிலிருந்து அடுத்த இரவுக்குத் தூங்கும் உயரத்தை 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று அல்லது நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே இடத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட நெறி. 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அந்த அளவுக்குக் குறைகிறது. உடல் அதற்கு வேகமாக மூச்சு விட்டு ஈடு செய்கிறது. அப்படி விடும்போது கரியமில வாயு அதிகமாக வெளியேறி, இரத்தம் காரத்தன்மை அடைகிறது. அந்தக் காரத்தைச் சிறுநீரகம் மெல்ல மெல்லக் கழிக்கும்வரை மூச்சின் வேகம் தேவையான அளவுக்கு உயர்வதில்லை. இதற்குச் சில நாட்கள் ஆகும். மராத்தான் ஓடுபவரானாலும் இதை விரைவுபடுத்த முடியாது. உடல் வலுவுள்ள இளைஞர்கள் வேகமாக ஏறிவிடுவதாலேயே மற்றவர்களைவிட முன்னதாக நோயில் விழுவதையும் மலையில் காணலாம்.

இரண்டாவது அளவுகோல், இறங்கும் வழி. உயரநோய் முற்றும்போது நுரையீரலில் நீர் கோக்கலாம், மூளை வீங்கலாம். இரண்டுக்கும் முதன்மையான சிகிச்சை உடனே கீழே இறங்குவது. ஆகவே, மிக உயரமான இடத்திலிருந்து ஆயிரம் மீட்டர் கீழே இறங்க எத்தனை மணி நேரம் ஆகும் என்பதைப் புறப்படுமுன் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, போய்ச் சேர்வதற்கும் திரும்புவதற்கும் ஆகும் நாட்கள். அவற்றில் வானிலை விழுங்கக்கூடியவை எத்தனை என்பதும் இதில் அடங்கும். நான்காவது, அந்தப் பாதை உடலின் எந்தப் பகுதியைச் சோதிக்கிறது என்பது. சில பாதைகள் மூச்சை வாங்கும், சில முழங்காலை வாங்கும். செலவை வேண்டுமென்றே கடைசியில் வைக்கிறேன். விடுதிக் கட்டணத்தில் மூன்று பாதைகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பணம் கரைவது எதிர்பாராமல் கூடும் நாட்களிலும் போக்குவரத்திலும்தான்.

| | எவரெஸ்ட் பேஸ் கேம்ப் | அன்னபூர்ணா பேஸ் கேம்ப் | லாங்டாங் பள்ளத்தாக்கு |
|---|---|---|---|
| நடை தொடங்கும் இடம் | லுக்லா, சுமார் 2,860 மீ | நயாபுல் அல்லது அதற்கு மேலே ஜீப் போகும் இடம் | ஸ்யாப்ரூபேசி, சுமார் 1,500 மீ |
| தூங்கும் மிக உயர்ந்த இடம் | கோரக்ஷேப், சுமார் 5,160 மீ | பேஸ் கேம்ப், 4,130 மீ | கியாஞ்சின் கோம்பா, சுமார் 3,870 மீ |
| பகலில் தொடும் உச்சம் | காலாபத்தர், 5,500 மீட்டருக்கு மேல் | அதே 4,130 மீ | ட்செர்கோ ரி, ஏறத்தாழ 5,000 மீ |
| நடை நாட்கள் | 12 | 6 முதல் 9 | 7 முதல் 8 |
| வானிலைக்கான உபரி | 2 அல்லது 3 நாள் | 1 நாள் | 1 நாள் |
| அதிகம் சோதிக்கப்படுவது | மூச்சு, பொறுமை | முழங்கால் | முதல் இரு நாள் தொடை, பிறகு மூச்சு |

## எவரெஸ்ட் பேஸ் கேம்ப்

உயரத்துக்கு உடலைப் பழக்கும் கால அட்டவணையைப் பொறுத்தவரை, வியப்பாகத் தோன்றினாலும், மூன்றில் மிக உயரமான இந்தப் பாதைதான் நன்கு வகுக்கப்பட்டது. பக்டிங், நாம்சே பஜார் (3,440), அங்கே ஒரு கூடுதல் நாள், தெங்போச்சே (3,860), டிங்போச்சே (4,410), அங்கே இன்னொரு கூடுதல் நாள், லோபுச்சே (சுமார் 4,940), கோரக்ஷேப் என்ற வரிசையைப் பல பத்தாண்டுகளாக வழிகாட்டிகள் பின்பற்றிவருகிறார்கள். பக்டிங்கிலிருந்து நாம்சே வரை ஒரே நாளில் எண்ணூறு மீட்டருக்கு மேல் ஏறும் அந்த ஓர் இடத்தைத் தவிர, மற்றவை ஏறக்குறைய நெறிக்குள் அடங்குகின்றன. டிங்போச்சேக்கு அருகிலுள்ள ஃபெரிச்சேயில் இமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷனின் மருத்துவ நிலையம் 1973 முதல் இயங்குகிறது. மலையேற்றப் பருவங்களில் தன்னார்வ மருத்துவர்கள் அங்கே தங்கி, பிற்பகல்களில் உயரநோய் பற்றி விளக்கமும் அளிக்கிறார்கள். 1966-ல் எட்மண்ட் ஹிலாரி முயன்று நிறுவிய குந்தே மருத்துவமனையும் நாம்சேக்கு மேலே இருக்கிறது. மருத்துவ உதவியின் அருகாமையில் மற்ற இரு பாதைகளும் இதற்கு ஈடாகாது.

ஆனால் இந்தப் பாதையில் உயரம் உண்மையிலேயே உயரம். லோபுச்சேயிலும் கோரக்ஷேப்பிலும் இரண்டு அல்லது மூன்று இரவுகள் ஐயாயிரம் மீட்டரை ஒட்டித் தூங்க வேண்டும். தூக்கம் கலைந்து கலைந்து வரும்; மூச்சு சில நொடிகள் நின்று பின் வேகமாகத் தொடரும்; பசி அறவே போய்விடும். குளிர்ந்த உலர்ந்த காற்றை நாள் முழுவதும் வாயால் இழுப்பதால் வரும், எவரெஸ்ட் பாதை செல்லும் கும்புப் பகுதியின் பெயரால் அழைக்கப்படும் கும்பு இருமல், உயரநோய் இல்லாதவர்களையும் விட்டுவைப்பதில்லை. இவை ஆபத்து அல்ல என்றாலும், விடுமுறையை மகிழ்ச்சிக்காகச் செலவிட வந்தவர்கள் முன்பே தெரிந்துகொள்ள வேண்டியவை.

மறைந்திருக்கும் செலவு லுக்லாவில் தொடங்குகிறது. ஓடுபாதையின் நீளம் 527 மீட்டர்தான். மேகம் இறங்கினால் விமானம் இல்லை. பருவ மாதங்களில் நெரிசல் காரணமாகப் பெரும்பாலான லுக்லா விமானங்கள் காத்மாண்டுவிலிருந்து புறப்படாமல், நான்கைந்து மணி நேரம் சாலையில் போக வேண்டிய ராமேச்சாப் மாவட்டத்தின் மந்தலியிலிருந்து புறப்படுகின்றன. எனவே நள்ளிரவு தாண்டியதும் ஜீப்பில் ஏறி, விடியலில் மந்தலியில் காத்திருந்து, அன்று விமானம் பறக்காவிட்டால் அங்கேயே ஓர் அறை தேட வேண்டியிருக்கும். திரும்பும்போது இதே நிலை வந்தால், காத்மாண்டுவிலிருந்து பதிவு செய்த விமானம் போய்விடும். அல்லது பகிர்வு ஹெலிகாப்டருக்கு எதிர்பாராத பெரும் தொகை கொடுக்க வேண்டும். இந்த இரண்டு மூன்று உபரி நாட்களைக் கணக்கில் சேர்க்காத திட்டம் எதையும் நான் திட்டம் என்று ஏற்பதில்லை. பன்னிரண்டு நாள் நடை, மூன்று நாள் உபரி, சென்னையிலிருந்து தில்லி அல்லது பெங்களூரு வழியாகக் காத்மாண்டு போய்வரும் இரண்டு நாள் என்று கூட்டினால், பதினேழு நாள் விடுப்பு இல்லாதவர்கள் இதைத் தொடாமல் இருப்பது நல்லது. விடுப்புக் குறைவாக இருக்கும்போது முதலில் வெட்டப்படுவது நாம்சேயிலும் டிங்போச்சேயிலும் இருக்கும் கூடுதல் நாட்கள்தான்; அவை போனால், இந்தப் பாதையின் ஒரே பெரிய நற்குணமும் போய்விடுகிறது.

இன்னும் இரண்டு விஷயங்களை விளம்பரங்கள் சொல்வதில்லை. பேஸ் கேம்ப்பில் நின்று பார்த்தால் எவரெஸ்ட் சிகரம் தெரியாது. முன்னால் இருக்கும் மலைகள் மறைத்துவிடும். சிகரத்தைப் பார்க்க அருகிலுள்ள காலாபத்தர் குன்றில் ஏற வேண்டும். பெரும்பாலான திட்டங்கள் அங்கே விடியற்காலையில் கூட்டிப் போகின்றன. ஆனால் சூரியன் அப்போது எவரெஸ்டுக்குப் பின்னாலிருந்து எழுவதால் சிகரம் நிழலுருவாகத்தான் தெரியும். பிற்பகல் வானம் தெளிவாக இருந்தால் மாலை ஒளியில் ஏறுவதே மேல். மற்றொன்று, ஏறுபவர்களின் மஞ்சள் கூடார நகரம் ஏப்ரல், மே மாதங்களில்தான் இருக்கும். அக்டோபரில் போனால் கல்லும் பனிப்பாறையும்தான் வரவேற்கும்.

இறங்கும் வழியின் கணக்கு இங்கே கலவையானது. கோரக்ஷேப்பிலிருந்து ஃபெரிச்சே வரை ஏறத்தாழ தொள்ளாயிரம் மீட்டர் இறங்க, நடக்க முடிகிறவருக்கே அரை நாளுக்கு மேல் ஆகும். நடக்க முடியாதவருக்குக் குதிரை அல்லது ஹெலிகாப்டர். எவரெஸ்ட் என்ற பெயருக்காக வாழ்நாளில் ஒருமுறை போக வேண்டும் என்ற ஆசை உண்மையானது, போதிய நாட்களும் இருக்கின்றன, முன்பு நாலாயிரம் மீட்டர் அளவில் சில இரவுகள் தங்கி உடல் எப்படி நடந்துகொள்கிறது என்று அறிந்திருக்கிறீர்கள் என்றால், தயங்காமல் இதையே தேர்ந்தெடுக்கலாம்.

## அன்னபூர்ணா பேஸ் கேம்ப்

1950 ஜூன் 3-ம் தேதி, எண்ணாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சிகரம் ஒன்றை மனிதர் முதன்முதலில் ஏறியது இந்த அன்னபூர்ணாவில்தான் (8,091 மீட்டர்). தெற்கு முகத்தின் அடியில் இருக்கும் இந்த முகாமில் நின்றால், அன்னபூர்ணா, அன்னபூர்ணா சௌத், ஹியுன்சுலி, மச்சாபுச்ரே என்று நான்கு பக்கமும் சுவராக நிற்கும் மலைகளுக்கு நடுவே நிற்கலாம். காட்சியின் அருகாமையை மட்டும் வைத்து மதிப்பிட்டால் மூன்றில் இதுவே முதலிடம். மச்சாபுச்ரேயில் ஏற அனுமதி தரப்படுவதில்லை. சோம்ரோங் கிராமத்துக்கு மேலே இறைச்சி கொண்டுபோவதையும் மக்கள் விரும்புவதில்லை. சைவ உணவுக்காரர்களுக்கு இதனால் எந்தக் குறையும் இல்லை. பருப்புச் சோறான தால் பாத் கேட்கக் கேட்க மறுபடி பரிமாறப்படும்.

நாட்கள் குறைவாக உள்ளவர்களுக்கு இது வசதியானது. காத்மாண்டுவிலிருந்து பொக்காராவுக்கு விமானம் உண்டு, சாலையும் உண்டு. ஒன்று தவறினால் மற்றொன்று. பொக்காராவிலிருந்து ஜீப்பில் ஜினு டாண்டாவுக்கு அருகில்வரை இப்போது போக முடிவதால், பழைய பத்து நாள் நடை ஆறு ஏழு நாட்களாகச் சுருங்கிவிட்டது. இந்த வசதியில்தான் பாதையின் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. சோம்ரோங் 2,170 மீட்டர், ஹிமாலயா என்ற இடம் சுமார் 2,900, தியூராலி சுமார் 3,200. இவை வரை உயரம் பொருட்டாகத் தெரியாது. காடும் அருவியுமாக உற்சாகமாக நடந்துவிடலாம். அதே உற்சாகத்தில், தியூராலியிலிருந்து ஒரே நாளில் 4,130 மீட்டரில் இருக்கும் பேஸ் கேம்ப்புக்கு ஏறி அங்கே படுப்பதுதான் வழக்கமான திட்டம். தொள்ளாயிரம் மீட்டர் ஏற்றம் அது. 500 மீட்டர் நெறியின் ஏறக்குறைய இரு மடங்கு. தலைவலியோடும் வாந்தியோடும் அந்த இரவைக் கழித்து, விடியலின் அழகைக் கண்ணை மூடிக்கொண்டு தவறவிடுகிறவர்கள் ஏராளம். அதைத் தவிர்க்க, 3,700 மீட்டரில் இருக்கும் மச்சாபுச்ரே பேஸ் கேம்ப்பில் ஓர் இரவு தங்கி, மறுநாள் விடியுமுன் இரண்டு மணி நேரம் ஏறி மேலே போகலாம்; அன்றே இறங்கிவிடலாம். ஒரு நாள் கூடும். அந்த நாளைக் கொடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் தவறு நேர்ந்தால் திருத்திக்கொள்வது இங்கே மற்ற பாதைகளைவிட எளிது. பேஸ் கேம்ப்பிலிருந்து அன்றைக்கே 2,310 மீட்டரில் இருக்கும் பாம்பூ வரை இறங்குகிறவர்கள் பலர். உயரநோய் வந்தவரும் துணையோடு இறங்கத் தொடங்கினால், சில மணி நேரத்தில் ஆயிரம் மீட்டர் கீழே வந்துவிடலாம்.

இந்தப் பாதை வாங்கும் விலை முழங்காலில். சோம்ரோங்கிலிருந்து ஆற்றுக்கு இறங்கி, மறுகரையில் சினுவாவுக்கு ஏறும் கற்படிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. திரும்பும்போது, களைத்த கால்களோடு, அதே படிகளை எதிர்த் திசையில் இறங்கி ஏற வேண்டும். முழங்காலில் பழைய காயமோ தேய்மானமோ உள்ளவர்கள், உயரம் குறைவு என்ற காரணத்துக்காக இதைத் தேர்ந்தெடுத்தால் ஏமாந்துபோவார்கள். அவர்களுக்கு, படிகள் குறைந்து நீளமாக ஏறும் எவரெஸ்ட் பாதைகூட இதைவிட இதமாக இருக்கும்.

குளிர்காலத்திலும் வசந்தத்தின் தொடக்கத்திலும் இன்னொரு எச்சரிக்கை. தியூராலிக்கு முன்னும் பின்னும் பாதை ஒரு குறுகிய பள்ளத்துக்குள் போகிறது. கண்ணுக்குத் தெரியாத உயரத்திலிருக்கும் சரிவுகளிலிருந்து பனிச்சரிவு இறங்கும் இடம் அது. 2020 ஜனவரியில் தென் கொரியப் பயணிகளும் அவர்களோடு சென்ற நேபாளிகளும் இங்கே பனிச்சரிவில் உயிரிழந்தார்கள். புதுப்பனி பெய்த மறுநாள், விடுதிக்காரர் போக வேண்டாம் என்றால், அங்கே பேச்சுக்கு இடமில்லை.

## லாங்டாங் பள்ளத்தாக்கு

காத்மாண்டுவுக்கு வடக்கே இருக்கும், பெயர் தெரியாத காரணத்தாலேயே பட்டியலிலிருந்து நீக்கப்படும் இந்தப் பாதையைத்தான், முதன்முறை போகும் பெரும்பாலோருக்கு நான் பரிந்துரைப்பேன். காரணம் எளிமையானது. இங்கே நாலாயிரம் மீட்டருக்குக் கீழேயே எல்லா இரவுகளும் கழிகின்றன. ஆனாலும் கியாஞ்சின் கோம்பாவில் இரண்டு மூன்று இரவுகள் தங்கி, பகலில் கியாஞ்சின் ரி (ரி என்றால் மலை), அதற்கு அடுத்த நாள் ட்செர்கோ ரி என்று படிப்படியாக உயர்ந்து, ஏறத்தாழ ஐயாயிரம் மீட்டரைத் தொட்டுவிட்டு அன்றே கீழே இறங்கிப் படுக்கலாம். மேலே ஏறு, கீழே தூங்கு என்ற பழைய மலை நெறிக்கு இதைவிடப் பொருத்தமான நில அமைப்பு அரிது. ஐயாயிரத்தில் உங்கள் உடல் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள முடிகிறது. தெரிந்துகொள்ளும் அந்த நேரத்தில் கீழே இறங்கும் பாதை உங்கள் காலடியில் இருக்கிறது. உடல் ஒத்துழைக்கவில்லையென்றால் ட்செர்கோ ரியை விட்டுவிடலாம், பயணம் பாழாகாது. பேஸ் கேம்ப் பாதைகளில் இலக்கு ஒன்றே ஒன்று என்பதால், அதை எட்டாமல் திரும்பும் முடிவை எடுக்க மனம் எளிதில் இணங்குவதில்லை.

குறையும் உண்டு. வழக்கமான திட்டத்தில் இரண்டாம் இரவு லாமா ஹோட்டல் என்ற இடத்தில் (சுமார் 2,400 மீட்டர்), மூன்றாம் இரவு லாங்டாங் கிராமத்தில் (சுமார் 3,430). ஒரே நாளில் ஆயிரம் மீட்டர். இதைச் சரிசெய்ய, நடுவில் மூவாயிரம் மீட்டரை ஒட்டி இருக்கும் கோடா தபேலாவில் ஓர் இரவு தங்கினால், அதற்குப் பின்னுள்ள ஏற்றங்கள் 500 மீட்டருக்குள் அடங்கிவிடும். முகவர்கள் இதைத் தாமாகச் சொல்ல மாட்டார்கள். முன்பணம் கொடுக்குமுன் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

போக்குவரத்தில் விமானம் இல்லை என்பது ஒரு வகையில் நிம்மதி. காத்மாண்டுவிலிருந்து ஸ்யாப்ரூபேசிக்குப் பேருந்திலோ ஜீப்பிலோ ஏழெட்டு மணி நேரம். சாலை மோசம், மழைக்காலத்தில் மண்சரிவால் அடைபடும். வளைவுகளில் வாந்தி எடுப்பவர்கள் மாத்திரையோடு முன் இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்ளவும். ஆயினும் வானிலைக்காக மூன்று நாள் விமான நிலையத்தில் காத்திருக்கும் நிலை வராது. பதினொரு நாள் விடுப்பில் நிதானமாக முடித்துவிடலாம்.

2015 ஏப்ரல் 25-ம் தேதி நிலநடுக்கத்தில் மேலிருந்து பெயர்ந்த பனியும் பாறையும் பழைய லாங்டாங் கிராமத்தை மூடியதில், ஊர் மக்களும் பயணிகளுமாக இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இன்றைய பாதை அந்தக் கற்குவியலின் மீதுதான் போகிறது. பிழைத்தவர்கள் அதற்கு அருகிலேயே புதிய வீடுகளும் விடுதிகளும் கட்டி வாழ்கிறார்கள். நீங்கள் தங்கும் விடுதியை நடத்துபவர் அன்று குடும்பத்தில் ஒருவரையேனும் இழந்தவராக இருக்க வாய்ப்பு அதிகம். அதை உணர்ந்து பேசுவது விருந்தினரின் கடமை. கூட்டம் குறைவான பாதை என்பதால் இங்கே தரும் பணம் அந்தக் குடும்பங்களுக்கு நேராகப் போய்ச் சேர்கிறது என்பதையும் நான் இதன் சாதகங்களில் சேர்ப்பேன். கியாஞ்சினில் 1950-களில் சுவிட்சர்லாந்து உதவியோடு தொடங்கிய யாக் பாலாடைக்கட்டித் தொழிற்கூடம் பசி திரும்பிய நாளில் பார்க்க வேண்டிய இடம்.

யாருக்கு இது பொருந்தாது? பெயருக்காகப் போகிறவர்களுக்கு. ஊருக்குத் திரும்பியதும் ‘லாங்டாங் போனேன்’ என்றால் பாதிப் பேருக்குப் புரியாது. மருத்துவ நிலையம் வேண்டும் என்று கவலைப்படும் நோய் வரலாறு உள்ளவர்களுக்கும் கும்புப் பகுதியே பாதுகாப்பு.

## எந்த விடுமுறையில் எது

மலைநடைக்கு உகந்தவை மார்ச் இறுதியிலிருந்து மே நடுப்பகுதி வரையும், செப்டம்பர் இறுதியிலிருந்து நவம்பர் வரையும். கோடை விடுமுறை உள்ள ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஏப்ரல் பிற்பகுதி எவரெஸ்டுக்கு நல்ல காலம். மே கடைசியில் பிற்பகல் மேகம் தினமும் வரும், லுக்லா விமானம் தடுமாறும். ஆயுத பூசை விடுமுறையில் போகிறவர்கள், அதே நாட்களில் நேபாளத்தில் தசைன் பண்டிகை என்பதை மறக்கக் கூடாது: பேருந்துகள் நிரம்பி வழியும், சுமை தூக்குபவர்களும் வழிகாட்டிகளும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அக்டோபரில் அன்னபூர்ணாவின் மேல் விடுதிகளில் அறை கிடைக்காமல் உணவுக்கூடத்தில் படுக்க நேர்வதும் உண்டு. பொங்கல் விடுமுறைக்கு என்றால் லாங்டாங் மட்டும்தான், அதுவும் பனி குறைந்த ஆண்டில், கியாஞ்சின் வரை.

## பாதைக்குத் தக்க தயாரிப்பு

மூன்றுக்கும் மூன்று மாதப் பயிற்சி வேண்டும். ஆனால் ஒரே பயிற்சி அல்ல. அன்னபூர்ணா போகிறவர்கள் ஏறுவதைவிட இறங்குவதைப் பழக வேண்டும். முதுகில் ஏழெட்டுக் கிலோ சுமையோடு மாடிப்படி இறங்குவதும், வனத்துறை அனுமதிக்கும் காலத்தில் வெள்ளியங்கிரி, பர்வதமலை, சதுரகிரி போன்ற மலைகளில் ஏறி அன்றே இறங்கி, மறுநாளும் கால்களுக்கு வேலை கொடுப்பதும் இதற்கு ஏற்றவை. எவரெஸ்ட் போகிறவர்களுக்கு வேகம் தேவையில்லை. பேசிக்கொண்டே நடக்கக்கூடிய நிதானத்தில் ஐந்தாறு மணி நேரம், தொடர்ந்து பல நாள் நடக்கும் பழக்கம் தேவை. லாங்டாங்கில் முதல் இரு நாள் காட்டேற்றத்துக்குத் தொடை வலுவும், ட்செர்கோ ரி நாளுக்கு ஒரே மூச்சில் ஆயிரத்து நூறு மீட்டர் ஏறும் உறுதியும் வேண்டும்.

காலணியை ஊரிலேயே வாங்கிப் பழக்கிவிட வேண்டும். கனமான இறகு மேலங்கியையும் உறைபனிக்கான தூக்கப்பையையும் காத்மாண்டுவின் தமேல் பகுதியிலோ பொக்காராவிலோ வாடகைக்கு எடுப்பது மலிவு. நாம்சேயில் மறந்ததை வாங்கிக்கொள்ளக் கடைகள் இருக்கின்றன. லாங்டாங்கில் அந்த வாய்ப்பு இல்லை.

அசிட்டசோலமைடு மாத்திரை, முன்னே சொன்ன சிறுநீரக வேலையை விரைவுபடுத்துகிறது. தடுப்புக்குப் பொதுவாகத் தரப்படும் அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களும், சிறுநீரக நோய் உள்ளவர்களும், வேறு மருந்து உண்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. எவரெஸ்ட் பாதையில் கூடுதல் நாட்களை வெட்டிவிட்டு அதற்குப் பதிலாக மாத்திரையை வைக்கும் திட்டத்துக்கு எந்த மருத்துவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஆவணங்களில் ஒரு சொல். இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. ஆனால் விமானத்தில் போகக் கடவுச்சீட்டோ தேர்தல் ஆணைய வாக்காளர் அட்டையோ வேண்டும், ஆதார் பெரும்பாலோருக்குச் செல்லாது. இந்தியர், இலங்கையர் இருவருக்கும் பூங்கா அனுமதிக் கட்டணத்தில் சார்க் நாட்டினருக்கான சலுகை உண்டு. கேட்டு வாங்க வேண்டும். 2023 ஏப்ரலில் நேபாளச் சுற்றுலா வாரியம் வெளிநாட்டினருக்கு வழிகாட்டி கட்டாயம் என்று விதித்தது; கும்புப் பகுதி உள்ளாட்சி அதை நடைமுறைப்படுத்தவில்லை. விதி எதுவானாலும், முதன்முறை போகிறவர் வழிகாட்டி இல்லாமல் போவதில் மிச்சமாகும் பணம் சிறியது.

## காப்பீடும் குழுவும்

சாதாரணப் பயணக் காப்பீடுகளில் பல, ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் செல்லாது. எவரெஸ்டுக்கு 6,000 மீட்டர் வரையிலும், லாங்டாங்குக்கு 5,000 மீட்டர் வரையிலும் ஹெலிகாப்டர் மீட்பை உள்ளடக்கியிருக்கிறதா என்று ஒப்பந்தத்தின் சிறு எழுத்தில் தேடிப் படிக்க வேண்டும். இந்த உயர வரம்பு பாதையின் செலவையே மாற்றிவிடக்கூடியது. குறைந்த வரம்புள்ள காப்பீடு அன்னபூர்ணாவுக்குப் போதும், எவரெஸ்டுக்குப் போதாது. இலேசான தலைவலிக்கே ஹெலிகாப்டரை வரவழைத்துக் காப்பீட்டில் கட்டணம் வசூலிக்கும் மோசடி பற்றி 2018-ல் நேபாள அரசே விசாரணை நடத்தியது. ஆகவே ஹெலிகாப்டர் வேண்டுமா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்தின் அவசர எண்ணில் பேசிவிட்டு முடிவு செய்வது வழக்கமாக இருக்கட்டும். மூச்சுத்திணறலும் தடுமாற்றமும் கண்டால் மட்டும் அந்தப் பேச்சுக்குக் காத்திராமல் இறங்கத் தொடங்க வேண்டும்.

நண்பர்களாகப் போகிறவர்கள் பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது, குழுவில் மிக மெதுவாக உயரத்துக்குப் பழகக்கூடியவரை அளவாக வைக்க வேண்டும். அவர் யார் என்பது முன்கூட்டித் தெரியாது என்பதுதான் சிக்கல். ஒருவர் நோயுற்றால் அவரோடு இறங்கப்போவது யார் என்பதைச் சென்னையிலோ மதுரையிலோ உட்கார்ந்திருக்கும்போதே பெயர் சொல்லித் தீர்மானித்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் போனால் ஒரு வழிகாட்டிக்குப் பதில் ஒரு வழிகாட்டியும் ஓர் உதவியாளரும் இருந்தால், இருவர் இறங்கும்போது மற்ற இருவர் தொடர முடியும். லாங்டாங்கில் கீழே போனவர் கிராமத்தில் ஓய்வெடுத்துவிட்டு, உடல் தேறினால் இரண்டு நாளில் கியாஞ்சினுக்குத் திரும்பிக்கூட வரலாம். எவரெஸ்ட் பாதையில் லோபுச்சேயிலிருந்து இறங்குகிறவருக்கு அந்த வாய்ப்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை. அவருக்கான விடுதிப் பணத்தையும், தேவைப்பட்டால் லுக்லாவிலிருந்து தனியே திரும்பும் பயணச்சீட்டுக்கான தொகையையும், யாரிடம் ரொக்கமாக இருக்கும் என்பதையும் அந்தப் பட்டியலிலேயே எழுதிவையுங்கள்.